பேங்கர் வேலாயுதத்தின் அரைஞாண் கயிறு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நான் வேறெங்காவது போய்விட்டால், "மாமா, விட்ட இடத்துக்கு வாங்க" என்பாள். அதையும் சேர்த்து எழுதிவிடு என்றேன். சிரிக்கிறாள்.

போன மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் புதுப் பிணவறை திறந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. சங்கரன்கோவில் பக்கம் இருக்கிற ஒன்று, அவ்வளவு போதும். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டார்கள். சுவர் முழுக்க வெள்ளை ஓடு, குளிர்ப்பெட்டி, எலும்பு அறுக்கக் கரண்டில் ஓடும் ரம்பம். எல்லாம் சுத்தமாக இருந்தது. அங்கே இப்போது வேலை பார்க்கிறவர்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்க இருந்தப்போ உள்ள நின்னு சத்தமா என்னமோ சொல்லுவியளாமே. எதும் மந்திரமா?"

"மந்திரமெல்லாம் இல்ல வே. ஒடம்புல என்னென்ன இருக்குன்னு சொல்லுவேன்."

"யார்கிட்ட?"

"டாக்டரம்மா கிட்ட."

"எழுதிக் குடுத்தா போதாதா?"

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் கத்துதேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சத்தம் காதிலேயே நின்றது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நான் துப்புரவு வேலைக்குத்தான் சேர்ந்தேன். பிணவறையில் இருந்தவர் ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. "சண்முகம், நீ போ" என்றார்கள். முதல் வாரம் சோறு இறங்கவில்லை. இரண்டாம் மாதம் இறங்கியது. என் படிப்பு அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் இருந்த டாக்டர்கள் வாசலிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். டாக்டரம்மா வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. ஒல்லியான அம்மா. வெயிலோ மழையோ ஒரு மடக்குக்குடை கையில் இருக்கும். அதைச் சன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, "இன்னைக்கு யாரு வந்திருக்காங்க?" என்று கேட்பார். கேஸ் என்று சொல்ல மாட்டார். பாடி என்றும் சொல்ல மாட்டார். என்னை வாங்க போங்க என்று சொன்ன முதல் அதிகாரி அவர்தான். முதல் தடவை அவர் "வாங்க சண்முகம்" என்றபோது எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அவர் கொண்டுவந்த ஏற்பாடுதான் அந்தச் சத்தம். காயங்களை அவரே குனிந்து பார்த்து அளந்து எழுதிக்கொள்வார். ஆனால் உடம்பின் மேல் இருக்கிற துணி, நகை, கயிறு, தாயத்து எல்லாவற்றையும் நான் தொட்டுப் பார்த்துத் தலையிலிருந்து கால் வரை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அவர் எழுதி, கடைசியில் வாசித்துக் காட்டுவார். அந்தத் தாள் போலீசுக்குப் போகும்.

"சத்தமா சொல்லுங்க சண்முகம். வெளிய நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும். பிறகு கம்மலக் காணோம், மோதிரத்தக் காணோம்னு உங்க மேல பழி வரக் கூடாது."

பழி வந்திருக்கிறது. அவர் வருவதற்கு முன்னால் இரண்டு தடவை. அது வேறு கதை.

ஒருமுறை கிணற்றில் விழுந்த ஒரு பெண் வந்திருந்தாள். சின்னப் பெண். நான் தலையிலிருந்து சொல்லிக்கொண்டே வந்து, "பாவம்மா, மாமியா கொடுமைதான் போல" என்றேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அது உங்க கண்ணுல படுதா?"

"இல்லம்மா."

"அப்ப அதச் சொல்லாதீங்க. வளையல் எத்தன?"

"ரெண்டும்மா."

அதற்குப் பிறகு நான் கண்ணில் படாததைச் சொன்னதில்லை.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு. விறைத்த உடம்பில் கை பெரும்பாலும் மூடியிருக்கும். உள்ளே முடியோ துணியோ இருக்கலாம் என்பதால் திறந்து பார்க்க வேண்டும். விரலைப் பிடித்து இழுக்கக் கூடாது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீவிக்கொண்டே வந்து, பிறகு ஒவ்வொரு விரலாக நிமிர்த்த வேண்டும். அப்படித் திறந்த விரல் மறுபடி தானாக மூடாது.

மற்றது அரைஞாண் கயிறு. எங்கள் பக்கத்து ஆண்கள் அது இல்லாமல் இருக்க மாட்டார்கள். செத்த பிறகு சொந்தக்காரர்தான் அதை அறுக்க வேண்டும். கத்திக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று நான் முதலில் எல்லாம் அறுத்து எறிந்துவிடுவேன். டாக்டரம்மா விடவில்லை. "கீழ தள்ளி வைங்க. அத அறுக்க வேண்டியவங்க வெளிய நிக்கிறாங்க" என்பார்.

மருமகள் என்னைப் பார்க்கிறாள். சரி, பேங்கருக்கு வருகிறேன்.

சங்கரன்கோவிலில் வேலாயுதத்தைப் பேங்கர் என்றால்தான் தெரியும். அடகுக்கடைதான். ஆனால் போர்டில் பேங்கர்ஸ் என்று எழுதியிருந்ததால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. பிறகு பைனான்ஸ் வைத்தார், நிலத்தின் மேல் கடன் கொடுத்தார், மூன்று மாடி கட்டினார். தேதி தவறினால் ஒரு நாள் கூடப் பொறுக்க மாட்டார். ஊரில் பாதிப் பேர் அவரைத் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே அவர் கடை வாசலில்தான் நிற்பார்கள். மீதிப் பேர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க முதலில் அவர் வீட்டுக்குத்தான் போவார்கள். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் அவர் பேருக்கு மாறிய புஞ்சை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நிறைய என்பார்கள்.

ஒரே மகள் வள்ளி. அவள் ராயகிரியில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு பையனைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் மகள் எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாராம். அதை எல்லோரும் சொல்வார்கள்.

அவர் கடையில் ஒரு அதிசயம் உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலும் காசு வெளியே கொடுக்க மாட்டார்கள். லட்சுமி கூடவே போய்விடுவாள் என்று பயம். அடகுக்கடைக்காரர்களுக்கு அந்தப் பயம் இன்னும் கூடுதல். பேங்கர் மட்டும் கொடுப்பார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டுத்தான் கல்லா முன்னால் நன்றாக உட்காருவார். பணத்தாசை பிடித்தவன், சாமிக்குக்கூடப் பயப்படாதவன் என்று ஊர் பேசும்.

நானும் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை போய் நின்றவன்தான். என் மனைவிக்கு இரண்டாவது பேறுகாலம் சிக்கலாகித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகக் கார் பிடிக்க வேண்டும். மற்ற இரண்டு கடைக்காரர்களும், "விளக்கு வச்சாச்சு, காலையில வா" என்றார்கள். பேங்கர் நாள் பார்க்கவில்லை. அவள் சங்கிலியை எடை போடும்போதே பணத்தை எடுத்து வைத்துவிட்டார்.

"புள்ளத்தாச்சியா?"

"ஆமா அண்ணாச்சி."

"நிக்காத, போ. சீட்ட நாளைக்கு வந்து வாங்கிக்கோ."

என் மனைவி பிழைத்தாள். பையன் பிழைத்தான். அவன் பெண்டாட்டிதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆனால் சங்கிலியை என்னால் மீட்க முடியவில்லை. தவணை கேட்டுப் போனேன்.

"ஏ சண்முகம், ஊரே என்னயக் கெட்டவன்னு சொல்லுது. நீயும் சொல்லிக்கோ. ஆனா தேதின்னா தேதிதான்."

ஏலம் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு என் மனைவி அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டுதான் நடப்பாள். நல்லவர் என்பதா, கெட்டவர் என்பதா? எனக்குச் சொல்லத் தெரியாது.

அவரை வெட்டியது ஒரு மத்தியானம். கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் காரை மறித்து வெட்டினார்கள். புஞ்சையைப் பறிகொடுத்த ஒருவனும் அவன் மச்சினனும். அன்றைக்கே போலீசில் போய் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன. மறுநாள் காலையில் பேங்கர் எங்கள் மேசையில் இருந்தார்.

வெளியே நல்ல கூட்டம். வேப்பமரத்தடியில் அவர் மனைவி கோமதியம்மாள் சொந்தக்காரப் பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். வள்ளி தனியாகத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் நின்றாள். அவளோடு யாரும் பேசவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழாமல் நின்றாள். அழுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அழாமல் நிற்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு என்னமோ செய்யும்.

டாக்டரம்மா வருவதற்கு முன் நான் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பேங்கரின் தம்பி செல்லப்பா பின்பக்கமாக வந்தார். கடையை இரண்டு பேரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். ஆனால் நகைப்பெட்டிச் சாவி அண்ணனிடம்தான்.

"வே சண்முகம், அண்ணன் இடுப்புல ஒரு சாவி கெடக்கும். போலீசுக்காரன் மேலோட்டமாத்தான் பாத்தான், அத எழுதல. நீரு எடுத்து எங்கிட்டக் குடுத்துரும்."

"டாக்டரம்மா கிட்டச் சொல்லணுமே அண்ணாச்சி."

"சொல்லாட்டா யாருக்குத் தெரியும்? மக கல்யாணம் வச்சிருக்கீராமே. அத நான் பாத்துக்கிடுதேன். நாளைக்குப் பெட்டிய சீல் வச்சுட்டாம்னா எல்லாருக்கும் தொந்தரவு."

எல்லாருக்கும் இல்லை, அவருக்குத்தான் தொந்தரவு என்று எனக்கும் புரிந்தது. அந்தப் பெட்டியில் எங்கள் ஊர்க் கழுத்தும் காதும் பாதி இருந்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

டாக்டரம்மா குடையை மாட்டினார். "யாரு வந்திருக்காங்க?"

"பேங்கரும்மா."

பேங்கரின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் தலையிலிருந்து ஆரம்பித்தேன். நெற்றியில் திருநீறு. இடது காதுப் பக்கம் முகத்தைப் பார்க்க முடியாது, அதை அவர் எழுதிக்கொண்டார். கழுத்தில் உருத்திராட்சம் ஒன்று. கைக்கடிகாரம், கண்ணாடி உடைந்தது. மோதிரம் இரண்டு. இரண்டு கையையும் நீவித் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. வேட்டியை விலக்கினேன்.

"இடுப்பு. அரணாக்கயிறு ஒண்ணும்மா. கறுப்பு நூலு. அதுல சாவி ஒண்ணு. பித்தள. நீட்டச் சாவி."

வேப்பமரம் வரை கேட்கிற மாதிரிச் சொன்னேன். சன்னலுக்கு வெளியே செல்லப்பாவின் செருப்புச் சத்தம் விலகிப் போனது. அந்தச் சாவியால் பிற்பாடு அதிகாரிகள் முன்னால் பெட்டியைத் திறந்து, சீட்டு வைத்திருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுத்தார்கள். வருஷக்கணக்கில் ஆனது, ஆனாலும் கிடைத்தது. என் மனைவி சங்கிலி அதில் இல்லை. அது எப்போதோ ஏலத்தில் போனதுதானே.

சாவியை விலக்கிய பிறகுதான் அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்தேன். ரத்தம் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் துடைத்தேன். வெள்ளி அரசிலை. பெண்குழந்தைகளுக்கு இடுப்பில் மறைப்பாகக் கட்டுவார்களே, அரச இலை மாதிரிச் சின்னத் தகடு, அதுதான். தேய்ந்து தேய்ந்து காகிதம் மாதிரி ஆகியிருந்தது. ரொம்ப வருஷம் அந்த இடுப்பிலேயே கிடந்திருக்கிறது.

வள்ளியுடையது என்று நினைத்தேன். மகளோடு பேச மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிய மனுஷன், அவள் குழந்தையில் கட்டிய இலையை வேட்டிக்குள் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார் என்று நினைத்தேன். இதைச் சொன்னால் எழுதுவார்கள். எழுதினால் பொட்டலம் கட்டிக் கோர்ட்டுக்குப் போகும். கேஸ் முடிய எத்தனை வருஷமோ. அந்தப் பெண் வெளியே தனியாக நிற்கிறாள்.

முடிச்சை நெகிழ்த்தி இலையை எடுத்துக் கையுறைக்குள் சொருகிக்கொண்டேன்.

"இடுப்பு அவ்வளவுதானா சண்முகம்?"

"அவ்வளவுதாம்மா."

டாக்டரம்மாவிடம் நான் சொன்ன முதல் பொய். அடுத்ததாகக் கால் விரல் மிஞ்சி என்று உளறினேன், ஆண்பிள்ளைக்கு. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதை எழுதாமல் விட்டார்.

அறுத்துப் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்தோம். தையலை அன்றைக்கு நான் நெருக்கி நெருக்கிப் போட்டேன். முகத்துக்குப் பஞ்சு வைத்துச் சரி செய்தேன். டாக்டரம்மா அறிக்கை எழுத அடுத்த அறைக்குப் போனதும், இலையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போனேன்.

"ஏம்மா, வள்ளிதானே? இது ஒங்கப்பா இடுப்புல கெடந்தது. யாருகிட்டயும் சொல்லல. நீயே வச்சுக்கோ மக்கா."

அவள் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"இது என்னுது இல்ல அண்ணாச்சி."

"நல்லாப் பாரும்மா."

"எனக்குத் தங்கத்துலதான் போட்டாங்க. எங்கம்மா இன்னும் வச்சிருக்கா." இலையை என் கையில் திருப்பி வைத்தாள். "எவளோ அடகு வச்சதா இருக்கும். பச்சப்புள்ள இடுப்புல கெடந்ததக்கூட வாங்கியிருக்காரு பாருங்க. சாகும்போதும் அடகுச் சாமானோடதான் போயிருக்காரு."

அப்போதுதான் அவள் அழுதாள். அந்த அழுகையை நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

கொலைக் கேஸ். எழுதாத சாமான் என் கையில். வெளியே தெரிந்தால் வேலை போகும், செல்லப்பா என்னைத்தான் முதலில் திருடன் என்பார். அதுகூடப் பரவாயில்லை. பேங்கர் உடம்பில் இருந்த ஒன்றை எடுத்து, இது இன்னாருடையது என்று நானே முடிவு செய்து, ஒரு மகள் தன் அப்பாவைப் பற்றி நினைக்கிற கடைசி நினைப்பைக் கெடுத்துவிட்டேன். தொட்டிக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். பிறகு டாக்டரம்மா மேசைக்கு முன்னால் போய் இலையை வைத்தேன்.

"பொய் சொல்லிட்டேம்மா."

அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் குரல் உயரவில்லை. என்றைக்கும் உயர்ந்ததில்லை.

"உங்ககிட்ட என்ன கேட்டிருந்தேன்?"

"கண்ணுல படுறதச் சொல்லச் சொன்னிய."

"கண்ணுல பட்டது ஒரு இல. நீங்க பாத்தது ஒரு கத." தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மறுபடி சொல்லுங்க. இடுப்பு."

"அரணாக்கயிறு ஒண்ணும்மா. சாவி ஒண்ணு." மேசையில் இருந்த இலையைத் தொட்டேன். "வெள்ளி இல ஒண்ணு. கொழந்த கட்டுறது."

எழுதினார். நான் எடுத்ததையும் திருப்பிக் கொடுத்ததையும் சேர்த்து எழுதினார். "உங்களுக்கு மெமோ வரும். வந்தா வாங்கிக்கோங்க" என்றார். வந்தது. வாங்கிக்கொண்டேன். ஒரு வருஷ சம்பள உயர்வு நின்றது. அதில் எனக்கு வருத்தமில்லை.

இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர், அவசரக்காரர். இலையை வாங்கிக்கொண்டு, "இது யாரோடதுன்னு வீட்டுக்காரங்க கிட்டக் கேட்டுருவோம்" என்று கோமதியம்மாளை உள்ளே கூப்பிட்டார். துணைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. வள்ளிதான் அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் வாசல் ஓரமாக நின்றேன்.

கோமதியம்மாள் மேசையில் இருந்த இலையைப் பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இத எங்கன வச்சிருந்தாக?"

"இடுப்புக் கயித்துலம்மா" என்றார் டாக்டரம்மா. "இது யாருதுன்னு தெரியுமா?"

"என் மூத்தவளோடது."

வள்ளி அம்மாவைப் பார்த்தாள். "மூத்தவளா? நான்தானே மூத்தவ."

"ஒனக்கு முன்னால ஒருத்தி இருந்தா. பதினோரு மாசம். ஒங்கப்பா அப்ப தறி நெய்யக் கூலிக்குப் போய்க்கிட்டிருந்தாக. ஒரு நா வயித்தால போய்க் கண்ணு சொருகிட்டு. வீட்டுல இத விட்டா வேற வெள்ளியே கெடையாது. அவுத்து எடுத்துக்கிட்டு மூணு கடைக்கு ஓடுனாக. வெள்ளிக்கெழம. வெளக்கு வச்சாச்சு, காலையில வான்னுட்டாங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"காலையில எதுக்குப் போக? அப்புறம் அவளப் பத்தி எங்கிட்டக்கூட ஒரு வார்த்த பேசுனதில்ல. இல எங்கன்னு நான் கேட்டதுக்கு, தூரப் போட்டுட்டேன்னாக."

வள்ளி பெஞ்சில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். எனக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. நிக்காத, போ என்று அவர் சொன்ன குரலும்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். சாவி கோர்ட்டுக்குப் போக வேண்டும், இலைக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார். கோமதியம்மாள் கையெழுத்துப் போட்டார். இலையை வாங்கி மகளிடம் கொடுத்தார்.

"ஒங்கப்பா கூடவே போகட்டும்ட்டி. ஆம்பளப்புள்ள இல்ல. கயித்த நீயே அறுத்துரு."

உடம்பைக் குளிப்பாட்டித் துணி சுற்றியிருந்தேன். முகத்தையும் வலது கையையும் மட்டும் வெளியே விட்டேன். இடுப்பில் துணியை விலக்கி, சாவியைக் கழற்றி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டுக் கத்தரிக்கோலை வள்ளியிடம் நீட்டினேன். அவள் வாங்கி ஒரே வெட்டில் அறுத்தாள். இலையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் விரிந்தே கிடந்தன. காலையில் நான் திறந்த விரல்கள்.

"மூட மாட்டேங்குதே அண்ணாச்சி."

"மூடாதும்மா. நாமதான் மூடணும்."

விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி இலையின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வள்ளி அந்தக் கறுப்புக் கயிற்றையே எடுத்து அவர் கையைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டாள். பிறகு குனிந்து அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

அவர்கள் வெளியே போன பிறகு டாக்டரம்மா, உடம்பை ஒப்படைக்கிற தாளோடு வந்து நின்றார்.

"சொல்லுங்க சண்முகம்."

தலையிலிருந்து ஆரம்பித்தேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"வலது கை?"

"மூடியிருக்கும்மா."

எழுதிக்கொண்டார்.